மரியோ கார்ட் 8-க்கு பதில் சொல்லுங்கள்

தக்கலைக்காரன்: "எக்ஸ்க்ளூசிவ் கேம் இல்லாத கன்சோலை எவனும் வாங்க மாட்டான்" என்று குளச்சல் தம்பி நேற்று தீர்ப்பே எழுதிவிட்டார். எக்ஸ்க்ளூசிவ் என்றால் ஒரே கன்சோலில், அதாவது ஒரே கேம் பெட்டியில் மட்டும் ஆடக்கூடிய கேம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒரே கேள்விதான். 2014-ல் மரியோ கார்ட் 8 என்ற பந்தய கேம் நிண்டெண்டோவின் வீ யூ கன்சோலில் மட்டும்தான் வந்தது. வீ யூ மொத்தமே 1.35 கோடிதான் விற்றது. 2017-ல் அதே கேமை மெருகேற்றி நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சில் விட்டார்கள், 6 கோடிக்கு மேல் போனது. கேம் ஒன்றுதானே? அப்புறம் வீ யூ ஏன் படுத்தது?

குளச்சல்_அலை: அண்ணே, வீ யூ வைத்திருந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் அந்த கேமை வாங்கியிருக்கிறார்கள். 84 லட்சம் பிரதி. அதுவும் இல்லையென்றால் வீ யூ இன்னும் கேவலமாகப் போயிருக்கும்.

தக்கலைக்காரன்: மக்கா, நான் கேட்டது அது இல்லை. கன்சோல் ஏன் படுத்தது? பெயரைப் பார்த்துவிட்டு, நிண்டெண்டோவின் பழைய கன்சோலான 'வீ'க்கு வந்த துணைக்கருவி என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர். ஸ்விட்சை கையிலும் வைத்து ஆடலாம், டிவியிலும் மாட்டலாம். ஜனம் அதற்குத்தான் காசு கொடுத்தது.

கோட்டாறு பையன்: நிண்டெண்டோவின் செல்டா கேமை மறந்துவிட்டீர்களா? 2017 மார்ச் 3, ஸ்விட்ச் வந்த அன்றே வந்தது. எல்லாரும் அதற்காகத்தான் வாங்கினார்கள்.

தக்கலைக்காரன்: அதே நாளில் அது வீ யூவிலும் வந்தது தம்பி. தெரிந்துகொண்டு பேசு. செல்டாவும் இருந்தது, மரியோ கார்ட் 8-உம் இருந்தது, வீ யூ ஏன் எழுந்திருக்கவில்லை?

குளச்சல்_அலை: 2017-ல் செத்த கன்சோலுக்கு யார் வாங்குவார்கள்? 2001-ல் ஹேலோ என்ற எக்ஸ்க்ளூசிவ் கேம் இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலை எவன் சீண்டியிருப்பான், அதைச் சொல்லுங்கள்.

தக்கலைக்காரன்: ஹேலோவுக்குத் தாவாதே. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், அதற்குப் போட்டியான சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) 399 டாலர். அந்த 100 டாலர்தான் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அடித்தது. முதலில் மரியோ கார்ட் 8-க்கு வா.

தூத்தூர் லெஃப்ட் விங்: எங்கள் தெருவில் கன்சோல் வாங்கியவன் எல்லாம் ஃபிஃபா கால்பந்து கேமுக்காக வாங்கியவன். அது பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் வந்தது. கல்ஃபில் இருந்து ஒருத்தன் மாமா பிஎஸ்4 கொண்டுவந்தார், அப்புறம் மொத்தப் பயல்களும் பிஎஸ்4தான். கூட்டுக்காரன் எதில் ஆடுகிறானோ அதைத்தானே வாங்க முடியும்?

குளச்சல்_அலை: தூத்தூர்க்காரர் எதை எடுத்தாலும் பந்தில் கொண்டுபோய் முட்டுவார்.

தூத்தூர் லெஃப்ட் விங்: உங்களுக்கு ஆட வராது, அதற்கு நான் என்ன செய்ய?

குளச்சல்_அலை: ஆட வராமல் செய்ததே தக்கலை அண்ணன் எனக்கு விற்ற கண்ட்ரோலர். இடது ஸ்டிக்கில் கையே வைக்கவில்லை, ஆள் தானாக ஓரமாக நடந்து சுவரில் இடிக்கிறான். 1,800 ரூபாய்!

தக்கலைக்காரன்: என் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டுத்தானே எடுத்துக்கொண்டு போனாய்? அன்றைக்கு நன்றாக இருந்தது. பதில் இல்லாததால் கண்ட்ரோலரை இழுக்கிறாய். மரியோ கார்ட் 8, அதே கேம், வீ யூ ஏன் படுத்தது?

குளச்சல்_அலை: பத்துக்கு ஆறு பேர் என்று முதலிலேயே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குக் கண்ட்ரோலரோடு வருகிறேன், உங்கள் கண்ணால் பாருங்கள்.