புதுப்பிப்பு: நாணலில் பார்த்த அந்தக் கம்பளிப்புழு

ஏப்ரலில் இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நிலத்தில் பார்த்த கம்பளிப்புழு என்ன இனம் என்று கேட்டிருந்தேன். விரல் நீளம், தலைக்குப் பின்னால் ஒரு மயிர்க்குஞ்சம், வால் பக்கம் இன்னொன்று, விலாவில் வெள்ளைத் திட்டுகள்.

விடை கிடைத்துவிட்டது: யூத்ரிக்ஸ் பொட்டடோரியா என்ற அந்துப்பூச்சியின் புழு. பொதுப்பெயர் டிரிங்கர், அதாவது குடிப்பது. புழு புல்லில் நிற்கும் பனித்துளியைக் குடிப்பதாகச் சொல்லி வந்த பெயர். 1758-இல் உயிரியல் அறிஞர் லின்னேயஸ் வைத்த 'பொட்டடோரியா' என்ற பெயருக்கும் அதே பொருள்தான்.

நேற்று மறுபடி போனேன். நாணல் தண்டோடு ஒட்டி, காகிதம் போல ஒரு வெளிர்மஞ்சள் கூடு, காலியாக இருந்தது. அப்புறம் இரண்டடி தள்ளிப் பூச்சியே உட்கார்ந்திருந்தது! காய்ந்த இலை என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் மூக்குபோல நீண்டு, இறக்கையில் இரண்டு வெண்புள்ளிகள். மஞ்சள் சாயல் என்பதால் பெண்ணாக இருக்கும், ஆண் செம்பழுப்பு. சிறகு வந்தபின் இது எதுவும் உண்பதில்லை, புழுவாகத் தின்று சேர்த்ததுதான் கடைசிவரை.

வீட்டில் வளர்க்கச் சொன்னவர்களுக்கு: புழுவை எடுத்து வரவில்லை. அதன் மயிர் சிலருக்குத் தோலில் அரிக்கும். குளிர்காலம் முழுக்கப் புல்லடியிலேயே புழுவாகக் கிடக்கும் உயிர் இது. வாய்க்கால் ஓரப் புல்லை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டுவையுங்கள்.