ஊசிவழிப் போதையும் பொட்டுலிசமும்: ஓர் ஐயம்

கேள்வி:
ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் என் தம்பிக்குத் தொடையில், ஊசி குத்திய இடத்தில், ஒரு சிறு கட்டி இருக்கிறது. காய்ச்சல் இல்லை. ஆனால் நேற்றிலிருந்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறான், பேச்சு குழறுகிறது, இமைகள் சரிந்திருப்பதால் முகவாயை உயர்த்தித்தான் என்னைப் பார்க்கிறான். இது போதையின் விளைவுதானா?

மறுமொழி 1:
அப்படி எண்ணிக் காத்திருக்காதீர்கள். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொல்வது புண்வழி வரும் பொட்டுலிசம் என்ற, பாக்டீரியா நஞ்சால் தசைகள் தளரும் நோயின் அறிகுறிகளோடு பொருந்துகிறது. தோலுக்கு அடியிலோ தசையிலோ போதைமருந்து இறங்கும்போது, காற்றில்லாத அந்தத் திசுவில் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. தளர்ச்சி முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கி, மூச்சுத் தசைகளையும் முடக்கிவிடும். நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும். நரம்பில் ஏற்கெனவே பற்றிய நஞ்சை நச்சுமுறி மருந்தால் அகற்ற முடியாது என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஊசி போடும் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மறுமொழி 2:
புதிய ஊசி எச்.ஐ.வி.யையும் கல்லீரல் அழற்சியையும் தடுக்கும். ஆனால் வித்துகள் தூளிலேயே கலந்திருந்தால், கரண்டியில் சூடாக்குவதால்கூட அவை அழிவதில்லை. ஸ்காட்லாந்தில் 2009–10இல் ஹெராயின் வழியாகப் பரவிய, இதேபோல் வித்துகளால் வரும் மற்றொரு பாக்டீரியா நோயான ஆந்த்ராக்ஸ் 119 பேரைத் தாக்கியது. 14 பேர் இறந்தனர். பலருக்கு வழக்கமான கறுப்புப் பொருக்கு இல்லாமல் கடும் வீக்கமே இருந்தது. பொட்டுலிசம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. எனவே தயங்காமல் அவர் அருகிலேயே இருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சேர்த்துவிட்டோம். நச்சுமுறி ஏற்றியிருக்கிறார்கள், கட்டியைத் திறந்து சுத்தம் செய்யப்போகிறார்கள்.