ஃபேன்டசி பேஸ்பால் 14-வது வாரம் 4–6 தோல்வி: ஞாயிறு ஸ்டார்ட்தான் காரணமா? 15-வது வாரத்துக்கு என்ன செய்யலாம்?

கர்வ்பால்_குமரன்:
என் ஃபேன்டசி லீக் (நிஜ மேஜர் லீக் வீரர்களை வைத்து அணி கட்டி, அவர்கள் எடுக்கும் எண்களால் மோதுவது): 12 அணி, ஹெட்-டு-ஹெட் (வாரம் ஒரு அணியோடு மோதல்), பேட்டிங்கில் ஐந்து, பிட்சிங்கில் ஐந்து கேட்டகரி. லைன்அப் தினமும் மாற்றலாம், வாரத்துக்கு 5 ஆட் (புது ஆள் சேர்ப்பு), பிட்சர்கள் குறைந்தது 20 இன்னிங்ஸ் போட்டாக வேண்டும். இந்த வார முடிவு (என் அணி – எதிரணி):

ரன் 31–36, ஹோம் ரன் 11–7, ஆர்பிஐ (பேட்டர் அடித்து உள்ளே வரவைத்த ரன்) 34–33, ஸ்டீல் (பேஸ் திருடுவது) 3–9, ஆவரேஜ் .241–.268
வின் 5–3, சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பது) 1–4, ஸ்ட்ரைக்அவுட் 53–38, ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) 4.41–3.65, விப் (ஒரு இன்னிங்ஸுக்குப் பேஸில் விடும் ஆட்கள், இதுவும் குறைந்தால் நல்லது) 1.24–1.19

சனி இரவு நிலவரம்: எனக்கு 45 இன்னிங்ஸ், ஈஆர்ஏ 3.40, விப் 1.13. எதிரணிக்கு 31 இன்னிங்ஸ், 3.77, 1.19. வின் 5–2, ஸ்ட்ரைக்அவுட் 50–33. ஞாயிறு இரு பக்கமும் ஒரு ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) பாக்கி. என் ஆள் வேவரில் (எந்த அணியிலும் இல்லாதவர்கள் பட்டியல்) எடுத்த ஸ்ட்ரீமர் (ஒரு ஆட்டத்துக்காக மட்டும் எடுக்கும் பிட்சர்), சின்சினாட்டியில் 4 இன்னிங்ஸ், 7 ரன், 10 பேர் பேஸில். எதிரணி ஆள் 6 இன்னிங்ஸ், 2 ரன்.

அடுத்த வாரம் மோதும் அணி ஸ்டீலிலும் சேவிலும் லீக்கிலேயே முதலிடம்; பவர் கம்மி, ஸ்டார்ட்டர்களும் சுமார். ஃபாப் (புது ஆளை ஏலத்தில் எடுக்கும்) பட்ஜெட்டில் 100-க்கு 23 மிச்சம். ஸ்டீல், சேவ் இரண்டுக்கும் ஆள் தேடவா, இல்லை விட்டுவிடவா?

ஐந்தாம்_இன்னிங்ஸ்:
சனி இரவே நீங்கள் 6–4 முன்னிலை. அந்த ஸ்டார்ட்டால் என்ன கிடைத்திருக்கும் என்று பாருங்கள். வின்னில் 3 முன்னால், எதிரணிக்கு இருப்பது ஒரே ஸ்டார்ட். ஸ்ட்ரைக்அவுட்டில் 17 முன்னால். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மேஜர் லீக் சாதனையே 20தான். இரண்டும் கைக்கு வந்தாகிவிட்டது. 20 இன்னிங்ஸ் விதியும் எப்போதோ தாண்டியாயிற்று. அந்த ஸ்டார்ட் உங்கள் ஈஆர்ஏவையும் விப்பையும் கெடுக்கத்தான் முடியும், வேறு எதையும் கூட்டாது.

உட்கார வைத்திருந்தால் 3.40-இல் நிற்பீர்கள். எதிரணி சனிவரை 13 எர்ன்ட் ரன் (ஃபீல்டிங் பிழையால் வராத ரன்). ஞாயிறு 6 இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்தாலும் 14 × 9 ÷ 37 = 3.41, மயிரிழையில் உங்களுக்குத்தான். விப்பை நீங்கள் இழக்க, எதிரணி ஆள் 6 இன்னிங்ஸில் 4 பேருக்கு மேல் பேஸில் விடக்கூடாது. விட்டது 7 பேர். ஆக 6–4.

இதைச் சனி இரவே போட்டுப் பார்க்கலாம். எர்ன்ட் ரன்னை 9-ஆல் பெருக்கி மொத்த இன்னிங்ஸால் வகுங்கள். சனிவரை உங்களுக்கு 17. ஸ்ட்ரீமருக்கு 4 இன்னிங்ஸ், 5 ரன் என்று மோசமான கணக்கே வையுங்கள். 22 × 9 ÷ 49 = 4.04. 7 ரன் வேண்டாம், 5 ரன்னிலேயே கேட்டகரி போய்விடுகிறது. லாபமே இல்லாத இடத்தில் இந்த ஆபத்து எதற்கு?

மவுண்ட்_மணி:
கணக்கு சரிதான், ஆனால் பாதிக் கதை. எந்த ஸ்ட்ரீமர், எந்த மைதானம் என்பதும் இருக்கிறது. சின்சினாட்டி மைதானம் ஹோம் ரன்னுக்குப் பேர் போனது. ஃப்ளை பால் (உயரப் பறக்கும் அடி) அதிகம் கொடுக்கும் பிட்சரை அங்கே போடக்கூடாது. டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் எந்த ஸ்ட்ரீமரையும் போடக்கூடாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி, காற்று லேசு, பந்து தூரம் போகும், கர்வ் சரியாக வளையாது. போதாக்குறைக்கு அவுட்ஃபீல்டும் பெரியது, சும்மா விழும் ஹிட்டே விப்பைத் தின்றுவிடும். ஸ்ட்ரீம் பண்ணியே ஆக வேண்டுமென்றால் சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ, சான் டியாகோ பக்கம் ஆடுபவரைத் தேடுங்கள்.

வேவரில் ஈஆர்ஏவை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் (நான்கு தவறான பந்து போட்டு பேட்டரைச் சும்மா பேஸுக்கு விடுவது) சதவீதத்தைக் கழியுங்கள். 15-க்கு மேல் வந்தால் யோசிக்கலாம், 10-க்குக் கீழ் என்றால் தொடாதீர்கள். ஈஆர்ஏ 3 பக்கம், ஆனால் பிஏபிஐபி (மைதானத்துக்குள் அடித்த பந்துகள் ஹிட் ஆகும் விகிதம்) .240 என்றால் ஓடுவது அதிர்ஷ்டம், லீக் சராசரி .300-க்குக் கொஞ்சம் கீழே, அங்கே திரும்பும்போது ரன் கொட்டும்.

பெரிய_பேஸ்:
ஸ்டீல் பற்றி யாரும் பேசவில்லையே. 2023-இல் பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் ரப்பரிலிருந்து (அவர் நின்று வீசும் பலகை) கால் எடுக்கலாம். மூன்றாவதில் ரன்னர் அவுட் ஆகாவிட்டால் பாக் (பிட்சர் தவறு, ரன்னருக்கு அடுத்த பேஸ்). 2022-இல் 2,486 ஆக இருந்த ஸ்டீல் அடுத்த வருடமே 3,503. வாரம் 3 ஸ்டீல் இன்றைக்கு எந்த மூலைக்கு?

ஆனால் ஓட மட்டும் தெரிந்த, பேட்டிங் வரிசையில் ஒன்பதாம் இடத்து ஆளை எடுத்துவிடாதீர்கள். முதல் இடத்தில் ஆடுபவரைவிட ஒன்பதாவது ஆளுக்கு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பேட்டிங் வாய்ப்பு குறைவு. ஆன்-பேஸ் .290 இருப்பவர் பேஸுக்கே வரமாட்டார், பிறகு எங்கே ஓடுவது? ஒன்று அல்லது இரண்டாம் இடத்தில் ஆடுகிறாரா, வாக் எடுக்கிறாரா, அந்த வார எதிரணி கேட்சரின் பாப் டைம் (பந்தைப் பிடித்து பேஸுக்கு எறிய ஆகும் நேரம்) எப்படி, இவ்வளவும் பார்த்துப் பிறகு பணம் போடுங்கள்.

ஐந்தாம்_இன்னிங்ஸ்:
பெரிய_பேஸ் சொல்வது சீசனுக்குச் சரி, 15-வது வாரத்துக்குச் சரியில்லை. ஸ்டீலிலும் சேவிலும் முதலிடத்தில் இருப்பவரோடு அதே இரண்டில் மல்லுக்கட்டினால் 23-உம் போய் 5–5-கூட வராது. இந்த ஒரு வாரம் இரண்டையும் விட்டுவிடலாம். மீதி எட்டில் ஹோம் ரன், ஆர்பிஐ, வின், ஸ்ட்ரைக்அவுட் உங்கள் பலம். கூட ஈஆர்ஏ, விப் இரண்டும் வந்தால் ஆறு. சேவ் வேண்டாம் என்றானபின் சுமாரான க்ளோசருக்கு (சேவ் எடுக்கும் கடைசி இன்னிங்ஸ் பிட்சர்) பதில் ஈஆர்ஏ, விப் குறைவாக உள்ள எட்டாம் இன்னிங்ஸ் ரிலீவர் (ஸ்டார்ட்டருக்குப் பின் வரும் பிட்சர்) இருவரை வையுங்கள். ஆளுக்கு 3 இன்னிங்ஸ் போட்டாலே உதவும்.

கர்வ்பால்_குமரன்:
நன்றி. டூ-ஸ்டார்ட் பிட்சர்கள் (ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம் தொடங்குபவர்கள்) எனக்கு மூவர்: ஒருவர் திங்கள், இருவர் செவ்வாய். மூவரையும் நம்பலாமா?

மவுண்ட்_மணி:
அணியின் அட்டவணையைப் பாருங்கள். ஐந்து பேர் சுழற்சியில் ஓய்வு நாளே இல்லாவிட்டால் திங்கள் ஆள் சனிக்கிழமையும், செவ்வாய் ஆள் ஞாயிறும் வருவார்கள். வியாழன் ஓய்வு என்றால் திங்கள் ஆள் ஞாயிறுக்குத் தள்ளிப்போவார், செவ்வாய் ஆளின் இரண்டாவது ஸ்டார்ட் அடுத்த திங்களுக்குப் போய்விடும். மழையில் ஒரு ஆட்டம் நின்றாலும் இதே கதி. ஆறு பேர் சுழற்சி அணி என்றால் செவ்வாய் ஆளை மறந்துவிடுங்கள். 'ப்ராபபிள்' என்று தளத்தில் போடுவது வெறும் கணிப்பு. புதன் காலை ஒருமுறை, வெள்ளி ஒருமுறை சரிபாருங்கள்.

பெரிய_பேஸ்:
ஐந்து ஆட் வாய்ப்பையும் புதனுக்குள் தீர்த்துவிடாதீர்கள், ஞாயிறுக்கு இரண்டு வேண்டும். சனி இரவு ஆட்டம், ஞாயிறு மதியம் ஆட்டம் என்றால் கேட்சருக்குப் பெரும்பாலும் ஓய்வு, மூத்த பேட்டர்களுக்கும் சில நேரம். லைன்அப் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் வரும். ஆர்பிஐ 34–33 மாதிரி ஒட்டி நிற்கும்போது காலியான ஒரு இடம்கூடப் பாதிக்கும். ஐஎல் (காயமடைந்தோர் பட்டியல்) இடத்தில் யார் இருக்கிறார்கள்? பேட்டருக்குக் குறைந்தது 10 நாள், பிட்சருக்கு 15. அங்கே போக வேண்டியவர் யாராவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் முதலில் அவரை நகர்த்துங்கள், ஆளை வெட்டாமலே ஒரு இடம் கிடைக்கும்.