தாத்தாவோட 1966 ஃபியட்ட பழையபடி ஆக்கணும், ஹெல்ப் பண்ணுங்க

தாத்தா வச்சிருந்த ஃபியட் 1100டி இப்பதான் என் கைக்கு வந்துச்சு, ஆனா நடுவுல ஓட்டின சித்தப்பா ரேஸ் கார் ஆக்குறேன்னு கூரைய வெட்டி சன்ரூஃப் போட்டு, ஸ்டீயரிங் பக்கத்துல இருந்த அழகான கியர புடுங்கி தரையில வச்சு, பானெட் மேல காத்து உள்ள போறதுக்குன்னு ஒரு ஸ்கூப் வேற (உள்ள ஓட்டையே இல்ல, வெறும் தகரம்!). மழை பெஞ்சா உள்ள குடை புடிக்கணும். நல்லவேளை 1089 சிசி இன்ஜின தொடல.

பின்னாடி பத்மினின்னு பேர் மாறி வந்ததுல இருக்குற ஸ்டீயரிங் பக்கத்து கியர் செட்டு இதுல அப்படியே உக்காருமா? பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல ரெண்டு நாள் அலைஞ்சேன், தரை கியரே நல்லதுன்னு அட்வைஸ்தான் கெடச்சுது. கூரைக்கு பழைய பத்மினி கூரையவே வெட்டி வெல்ட் பண்ணலாமா, இல்ல புது தகரமா? சென்னை பக்கம் பொறுமையா வேல பாக்குற டிங்கர் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. சித்தப்பாகிட்ட இன்னும் பேசல.