பிப்ரவரி 3: நம்ம வீட்டு குரூப்ல வொரெல்

பெரியப்பா, 7:12
இன்னைக்கு பிப்ரவரி 3. கொல்கத்தால ஃப்ராங்க் வொரெல் நாள். வங்காள கிரிக்கெட் சங்கம் வருஷா வருஷம் ரத்ததான முகாம் நடத்தும்.

தம்பி, 7:20
வெஸ்ட் இண்டீஸ் கேப்டன்தானே பெரியப்பா? அவர் பேர்ல கொல்கத்தால எதுக்கு?

பெரியப்பா, 7:26
1962 மார்ச். பார்படோஸ்ல மேட்ச். சார்லி கிரிஃபித் போட்ட பந்து நம்ம கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில பட்டு மண்டையோடு உடைஞ்சுது. அப்ப ஏதுடா ஹெல்மெட்? ஆறு நாள் நினைவில்ல. ரத்தம் வேணும்னதும் முதல் ஆளா கையை நீட்டினவர் எதிரணி கேப்டன் வொரெல்.

பெரியப்பா, 7:27
எனக்கு அப்ப ஒன்பது வயசு. தாத்தா பேப்பரை மடிச்சு வெச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டது இப்பவும் கண்ணுலயே நிக்குது.

சின்ன அத்தை, 7:31
பிழைச்சாரா அண்ணா?

பெரியப்பா, 7:33
பிழைச்சார்மா. அப்புறம் நம்ம வேலூர்லதான் மண்டையில தகடு வெச்சாங்க. டெஸ்ட் மட்டும் திரும்ப ஆடவே இல்ல. பட்டோடி 21 வயசுல கேப்டன் ஆனது அந்தத் தொடர்லதான்.

நான், 7:40
ஆஸ்திரேலியாவோட ஸ்கோர் சமமா முடிஞ்ச பிரிஸ்பேன் டை டெஸ்ட், வொரெல் கேப்டனா இருந்தப்பதானே?

பெரியப்பா, 7:48
ஆமா, 1960 டிசம்பர். ரெண்டு இன்னிங்ஸ்லயும் 65 அடிச்சார். அப்ப ஓவருக்கு எட்டு பந்து. கடைசி ஓவர்ல ஆஸ்திரேலியாவுக்கு 6 ரன் போதும், கையில 3 விக்கெட். பந்து போட்ட வெஸ் ஹால் கிட்ட, ‘நோ பால் மட்டும் போட்டுடாதே, பார்படோஸ்ல கால் வைக்க முடியாது’ன்னாராம். ஏழாவது பந்து, ஸ்கோர் சமம். பக்கவாட்டுல நின்ன ஜோ சாலமனுக்குத் தெரிஞ்சது ஒத்த ஸ்டம்ப்தான். எறிஞ்சார். கடைசி விக்கெட்டா மெக்கிஃப் ரன் அவுட். டெஸ்ட்ல அதுதான் முதல் டை.

நான், 7:52
தொடர் யாருக்கு?

பெரியப்பா, 7:57
வெஸ்ட் இண்டீஸ் 2-1ன்னு தோத்துட்டாங்க. ஆனா மெல்போர்ன்ல தெரு ரெண்டு பக்கமும் ஜனம் நின்னு வழியனுப்பிச்சுது. ஜெயிச்சவங்களுக்குக் கூட அப்படி நடக்காது.

பெரியப்பா, 8:01
அந்தப் பதவி சும்மா வரலடா. கறுப்பர் ஒருத்தர் முழுத் தொடருக்கும் கேப்டனா இருந்தது அதான் முதல் தடவை. அதுக்கு முன்னாடி 1948ல ஜார்ஜ் ஹெட்லிக்கு ஒரே ஒரு டெஸ்ட் குடுத்தாங்க. ட்ரினிடாட்ல எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், வொரெலைக் கேப்டன் ஆக்கணும்னு பத்திரிகையில விடாம எழுதினார். இங்கிலாந்துல போய் ஒரே இன்னிங்ஸ்ல 261 அடிச்ச மனுஷன் வொரெல், 36 வயசு வரைக்கும் காத்திருந்தார்! கிடைச்ச 15 டெஸ்ட்ல 9 ஜெயிச்சார். தனித்தனித் தீவா நின்ன பசங்களை ஒரே அணியா ஆக்கினவர் அவர்தான்.

சின்ன அத்தை, 8:06
இப்ப இருக்காரா?

பெரியப்பா, 8:07
1967லயே போயிட்டார்மா. 42 வயசு. ரத்தப் புற்றுநோய்.

சின்ன அத்தை, 8:08
ஐயோ. ரத்தம் குடுத்த மனுஷனுக்கா 😢

தம்பி, 8:15
பெரியப்பா, எனக்கு ஓ பாசிட்டிவ். ஜிஎச் ரத்த வங்கிக்கு இன்னைக்கே போறேன். நீங்களும் வரீங்களா?

பெரியப்பா, 8:16
65 தாண்டிட்டா எடுக்க மாட்டாங்கடா. கூட வந்து உக்காந்துக்கறேன். வெறும் வயித்தோட கிளம்பாதே, இட்லி சாப்பிட்டுட்டு வா.