போர்டுல "முதல் கிராமம்"னு எழுதிட்டா போதுமா?

தலைஞாயிறான்:
உத்தராகண்ட்ல திபெத் பார்டர் பக்கத்துல மாணான்னு ஒரு ஊரு. ரொம்ப வருஷமா "இந்தியாவின் கடைசி கிராமம்"னு போர்டு இருந்துச்சு, 2022ல பிரதமர் அங்க போய் எல்லையில இருக்குற ஊரெல்லாம் முதல் ஊருதான்னு பேசுனாரு, 2023ல போர்டையும் மாத்திட்டாங்க. எங்க ஊரு பேருலயே "தலை" இருக்குங்க, ஆனா காவிரித் தண்ணி வர்றது கடைசியாத்தான். பேர வெச்சு என்ன ஆகும்?

ஐயாறு பையன்:
அண்ணே, போர்டு மட்டுமா மாத்துனாங்க? எல்லை ஊருகளுக்குன்னே வைப்ரன்ட் வில்லேஜஸ்னு 4,800 கோடி திட்டம், 2023 ஏப்ரல்ல அருணாசலத்துல கிபிதூலதான் தொடங்குனாங்க, அது நாட்டோட கிழக்கு ஓரம். ரோடு, கரண்ட், டவர்னு ஓரத்துக்குதான் காசு போகுது. திருவையாறுக்குன்னு தனியா யாரு திட்டம் போட்டா?

தலைஞாயிறான்:
ஊரு பேருல அஞ்சு ஆறு வெச்சிருக்கவனுக்கு தனித் திட்டம் வேறயா தம்பி 😂 ஜூன் 12 மேட்டூர் தொறந்தா நீங்க நாத்து விட்டு களை எடுக்கப் போற நேரத்துல நாங்க மதகுல நின்னு எங்க அடப்பாறு ஆத்தப் பாத்துட்டு இருப்போம், முதல்ல நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும் உருண்டு வரும், அதுக்குப் பின்னாலதான் தண்ணி. அந்தக் காசும் ஊருக்காகப் போகலப்பா, எதிர்ல சீனா இருக்கு, ஊரு காலியாகக் கூடாதுன்னு போகுது. 2025ல ரெண்டாவது கட்டம் 6,839 கோடி, அதுவும் நில எல்லைக்குத்தான். கடல் ஓரம் ஓரமில்லையா?

மன்னை மாப்ள:
கடல் ஓரம்னா நான் சொல்றேன். எங்க பெரியப்பா எக்ஸ் சர்வீஸ்மேன், அந்தமானுக்கும் தெக்க இருக்குற கிரேட் நிக்கோபார் தீவுல காம்பெல் பேல நிலம் குடுத்தாங்கன்னு போனவரு. 1969லேந்து பஞ்சாப், தமிழ்நாடுன்னு பல பக்கத்து பட்டாளத்துக்காரங்கள அங்க குடியேத்துனாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் அங்க இருட்டிடும், பெரியம்மா போன்ல "விளக்கேத்தியாச்சு"ம்பாங்க, எங்க தெருவுல அப்பத்தான் பசங்க கிரிக்கெட் ஆட எறங்குவானுங்க. 2004 சுனாமில இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல தாழ்ந்துபோச்சு, லைட் ஹவுஸ் அடி கடல்ல நிக்குது. நாட்டோட தெக்குக் கடைசியே அதான், கன்னியாகுமரி இல்ல.

ஓய்வு வாத்தியார்:
அந்த இருட்டுக்கு காரணம் இருக்கு. நம்ம நாடு கிழக்கு மேற்கா தீர்க்கரேகையில கிட்டத்தட்ட 30 டிகிரி, சூரியக் கணக்குல ரெண்டு மணி நேர வித்தியாசம், ஆனா கடிகாரம் ஒண்ணுதான், 82.5 டிகிரி ரேகைய வெச்சு. மேற்கு ஓரத்துல குஜராத் கட்ச்ல பொழுது விடியறப்ப அருணாசலத்துல பள்ளிக்கூட மணி அடிக்கிற வெயில் வந்துடும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துல பொறுக்க முடியாம ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி தனி நேரமே வெச்சிருக்கான். நடுவுல இருக்கவனுக்கு இது ஒறைக்காது.

ஐயாறு பையன்:
சார், ரெண்டு நேரம் வெச்சா ரயில் என்னாகும்? நாடுன்னா கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும். நிக்கோபாருக்கும் இப்ப கலாத்தியா பேல துறைமுகம், ஏர்போர்ட்டுன்னு 72,000 கோடி பேசுறாங்க. கடைமடைக்கு தண்ணி வரலங்குறீங்க, வந்தா வெள்ளம்ங்குறீங்க, என்னதான் வேணும்?

மன்னை மாப்ள:
வெள்ளமேதான் மாப்ள அது. அங்க இருக்குற ஷோம்பென் பழங்குடி ஜனங்க 2011 கணக்குல 229 பேரு, காட்ட நம்பித்தான் இருக்காங்க, இந்தத் திட்டத்துல 130 சதுர கிலோமீட்டர் காடு போகுது. சுனாமில எடம் மாத்துன நிக்கோபாரிகள் எங்க பழைய ஊருக்கே போறோம்னு கேட்டுட்டே இருக்காங்க. அவங்கள எவன் "முதல் கிராமம்"னு சொன்னான்?

ஐயாறு பையன்:
வேலை வாய்ப்பு வேணாமா அப்ப? உங்க பெரியப்பா மட்டும் காடு வெட்டுன எடத்துலதான போய் குடியேறுனாரு.

மன்னை மாப்ள:
அது உண்மைதான். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா அப்ப யாரும் அவங்களக் கேக்கல, இப்பவும் கேக்கலங்குறேன்.

தலைஞாயிறான்:
இதத்தான் நானும் சொல்றேன், ஷட்டர் சாவி எவன் கையில இருக்கோ அவன் நிக்கிற எடம்தான் தலைமடை. 2018 கஜா புயல்ல எங்க தென்னை சாஞ்சு கெடந்தப்ப ஆள் வந்து எட்டிப் பாக்கவே எத்தன நாளாச்சுன்னு எனக்குத் தெரியும்.

ஐயாறு பையன்:
சரி அத விடுங்கண்ணே, இந்தத் தடவ தண்ணி வந்துச்சா இல்லையா?

தலைஞாயிறான்:
முந்தாநேத்து ராத்திரி வந்துச்சு. கரண்டக்கால் நனையுற அளவு. கீழ்க்கரைக்காரன் அதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டான், நான் அடைச்சு வெச்சுட்டேனாம்.