தெரிந்தே ஏன் வண்டியை எடுக்கிறார்கள்?

வைகைக்கரை கேட்டது:
என் மைத்துனர் தலைக்கவசம் இல்லாமல் தெருமுனைக்குக்கூட வண்டி எடுக்காதவர். சென்ற மாதம் ஒரு திருமண வரவேற்பு முடிந்து நண்பர்களுடன் குடித்தவர், "நான் நிதானமாகத்தான் இருக்கிறேன், வீடு இரண்டு கிலோமீட்டர்தானே" என்றார். நான் சாவியைத் தர மறுத்ததும் கோபித்துக்கொண்டார். முதன்முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் இப்படி?

மருதநிழல்:
அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ரத்தத்தில் மதுவின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், அது ஏறும்போது தெரிகிற போதை இறங்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானி எட்வர்ட் மெலன்பி 1919-இல் நாய்களைக் கொண்டு காட்டினார். மனிதர்களிடமும், தெளிந்துவிட்டதாகத் தோன்றிய பிறகும் வண்டி ஓட்டும் திறன் முழுமையாக மீள்வதில்லை. ஒரு மணி நேரத்தில் 100 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து ஏறத்தாழ 15 மில்லிகிராம் மதுவைத்தான் உடல் அகற்றும். மோரும் எலுமிச்சைச் சாறும் அதை விரைவுபடுத்தா. நம் சட்டம் அனுமதிக்கும் வரம்போ 30 மில்லிகிராம்.

அந்த "இரண்டு கிலோமீட்டர்தானே" என்பதைக் கவனியுங்கள். போதையில் மனம் கண்ணெதிரே உள்ளதை மட்டுமே பற்றிக்கொள்ளும் என்று உளவியலாளர்கள் ஸ்டீலும் ஜோசப்ஸும் 1990-இல் விளக்கினார்கள். கனடாவில் டாரா மெக்டொனால்டும் அவருடைய சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், குடித்துவிட்டு ஓட்டுவீர்களா என்று பொதுவாகக் கேட்டபோது போதையில் இருந்தவர்களும் இல்லாதவர்களைப் போலவே மறுத்தார்கள். குறுகிய தூரம்தான் என்று ஒரு சாக்கைக் கேள்வியோடு சேர்த்ததும் போதையில் இருந்தவர்களின் மறுப்பு தளர்ந்தது.

பஞ்சர்கடைக்காரர்:
மருதநிழல் ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் முடிவு போதையில் எடுக்கப்படுகிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு மதுக்கூடத்துக்கு எதிரில் ஒன்பது ஆண்டுகள் கடை வைத்திருந்தேன். மாலை ஆறரை மணிக்கு வருகிறவர், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நிலையிலேயே, திரும்பும்போது சிரமம் இருக்கக்கூடாது என்று வண்டியின் முகத்தைச் சாலைப்பக்கம் திருப்பி நிறுத்துவார். வெளியே வரும்போது பலர் வேகமாகப் போவதில்லை. இரு கால்களும் தரையில் உரச, போலீஸ் ஊதச் சொல்லும் சாலையைத் தவிர்த்து, சந்துக்குள் மெல்லப் போவார்கள். அதையே எச்சரிக்கை என்று நம்பவும் செய்வார்கள். நேற்றும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்களுக்கு ஒவ்வோர் இரவும் கூடிக்கொண்டே போகும் சாட்சி.

மருதநிழல்:
ஒப்புக்கொள்கிறேன். போதை அந்த முடிவை மறுபரிசீலனை செய்யவிடாமல் தடுக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. யோசித்துப் பார்த்தால், அன்று மண்டபத்துக்குக் கிளம்பும்போதே ஆட்டோவில் போகலாம் என்ற என்னிடம், "திரும்பும்போது யார் அலைவது" என்றுதான் அவர் வண்டியை எடுத்தார். ஆவணியில் இன்னொரு திருமணம் இருக்கிறது. இம்முறை அவர் வீட்டு வாசலுக்கே ஆட்டோவை வரச்சொல்லப் போகிறேன்.